கருத்தரங்கில் உட்கார்ந்து கேட்பது எப்படி

கருத்தரங்குக்குப் போய்வந்த பிள்ளைகளிடம் ஒரு சான்றிதழும் ஒரு நோட்டும் மிஞ்சும். சான்றிதழை லேமினேட் செய்து பத்திரப்படுத்துவார்கள். நோட்டை மறுபடி திறக்க மாட்டார்கள். என் தம்பி மகள் திருச்சியில் முதுகலை இசை படிக்கிறாள். அவளுடைய தோழி பரதம். இரண்டு பேரும் ஒரு தேசியக் கருத்தரங்கை முடித்துக்கொண்டு நேரே அன்னவாசலுக்கு வந்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக் கடையிலிருந்து தூக்குவாளியில் டீ வாங்கி வரச் சொல்லித் திண்ணையில் உட்கார்ந்தோம்.

“பெரியப்பா, உக்காந்து கேக்குறப்ப எல்லாம் புரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. வீட்டுக்கு வந்து நோட்டைப் பாத்தா ஒண்ணும் நிக்கலை. இனிமே போகவே வேணாம்னு தோணுது.”

நோட்டை வாங்கிப் பார்த்தேன். மணிமணியான எழுத்து. தலைப்பு, பேசியவர் பெயர், அதன்கீழ் அவர் சொன்ன முடிவுகள். ‘குடுமியான்மலை இசைக் கல்வெட்டு — மகேந்திரவர்மன் — 7ஆம் நூற்றாண்டு — 7 ராகங்கள்.’ நாலே துண்டு. இதற்கு அவள் திருச்சியில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை; எந்த வழிகாட்டி நூலிலும் இருக்கிறது. அந்தப் பேச்சாளர் இருபது நிமிடம் பேசியிருப்பார். அந்த இருபது நிமிடத்தில் அவர் முடிவுக்கு எப்படி வந்தார் என்பது ஒரு வரிகூட நோட்டில் இல்லை. நிற்காமல் போனதற்குக் காரணம் அதுதான். முடிவை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால் அது நம்முடையதாக ஆவதே இல்லை.

“சரி ஆத்தா, இந்த ஒரு வரியையே எடுத்துக்குவோம். மகேந்திரவர்மன்னு எழுதியிருக்கியே, அந்தக் கல்லுல மகேந்திரவர்மன்னு பேர் இருக்கா?”

“இல்லாமயா சொல்லுவாங்க?”

இல்லை என்பதுதான் விஷயம். குடுமியான்மலை நமக்குப் பக்கத்து ஊர். சிகாநாதசுவாமி கோயிலுக்கு நாம் போகாத வருஷம் கிடையாது. மேலைக்கோயில் என்கிற குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடி பரப்பில், கிரந்த எழுத்தில் 38 வரிகள். 1904-ல் கல்வெட்டுத் துறையினர் அதைக் கண்டு படியெடுத்தார்கள். பி. ஆர். பண்டார்கர் அதைப் படித்து ‘எபிகிராஃபியா இண்டிகா’வின் 12ஆம் தொகுதியில், 1913–14-ல், வெளியிட்டார். முடிவுரையில் சொல்லப்பட்டிருப்பது இவ்வளவுதான்: ருத்ராசாரியரின் மாணவனான, மகேசுவரனிடம் பெரும் பக்தி கொண்ட ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காக இந்தச் சுரங்களை அமைத்தான். எந்த அரசன் என்று கல்லில் இல்லை.

அப்படியானால் மகேந்திரன் எங்கிருந்து வந்தான்? இங்கேதான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். எழுத்தின் வடிவம் ஏழாம் நூற்றாண்டைக் காட்டுகிறது. முதலாம் மகேந்திரவர்மன் அந்தக் காலத்தவன், சைவன், ‘மத்தவிலாச பிரகசனம்’ எழுதிய கலைஞன். ‘சங்கீர்ணஜாதி’ என்ற பட்டம் அவனுக்கு உண்டு. அதை இசையோடு சேர்த்துப் பொருள் கொள்கிறார்கள். இவற்றையெல்லாம் கூட்டி, பாடத் தெரிந்த சைவ அரசன் வேறு யாராக இருக்க முடியும் என்று கேட்டார்கள். சி. மீனாட்சி, பல்லவர் ஆட்சியும் சமூக வாழ்வும் பற்றி 1938-ல் வெளிவந்த தம் நூலில் இந்தக் கருத்தை வலுவாக வைத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். அவர் எழுதியது ஊகம்தான் என்றாலும் படிகள் தெரிகிற ஊகம். ஒவ்வொரு படியிலும் கால் வைத்து, இது தாங்குமா என்று நாமே பார்க்கலாம்.

எதிர்த்தரப்பும் படியாகவே வருகிறது. கிரந்த எழுத்தைப் பல்லவர் மட்டும் எழுதவில்லை, பாண்டியரும் எழுதினார்கள். மகேந்திரனின் கல்வெட்டு திருச்சி மலைக்கோட்டைக் குடைவரையில் தெளிவாக இருக்கிறது. அதற்குத் தெற்கே புதுக்கோட்டைச் சீமையில் அவன் ஆட்சி நடந்ததற்கு உறுதியான சான்று எது? சைவ பக்தியும் இசைப் பயிற்சியும் ஒரே ஒரு அரசனுக்குத்தான் வாய்த்ததா? எனக்கு என்னவோ, இந்த எதிர்த்தரப்பின் பக்கம்தான் மனம் சாய்கிறது. மகேந்திரனைப் பிடிக்கும் என்பதால் அவன் கையில் இந்தக் கல்லைக் கொடுத்துவிட்டோமோ என்று தோன்றும். அது என் சாய்வு. உன் நோட்டில் எழுத வேண்டியது என் சாய்வும் இல்லை, பேச்சாளரின் சாய்வும் இல்லை. ‘கல்லில் இருப்பது இது, அவர் சேர்த்தது இது’ என்று கோடு போட்டுப் பிரித்து எழுத வேண்டும்.

“நோட்டுல எப்படிப் பிரிக்கிறது? அவங்க வேகமா பேசிட்டே போறாங்களே” என்றாள் பரதம் படிக்கிறவள்.

நோட்டைத் திறந்தால் இரண்டு பக்கம் இருக்கிறதல்லவா? இடப்பக்கத்தில் அவர் எதைக் காட்டினாரோ அதை மட்டும் எழுது: இந்தக் கல்வெட்டு, இந்த ஏடு, இந்த ஒலிப்பதிவு, இந்தப் பாடகர் இந்த ஊரில் பாடியது. வலப்பக்கத்தில் அதை வைத்து அவர் என்ன சொன்னார் என்பதை எழுது. பேச்சு முடியும்போது வலப்பக்கம் நிரம்பி இடப்பக்கம் காலியாக இருந்தால் அந்தப் பேச்சின் தராதரம் அங்கேயே தெரிந்துவிடும். இடப்பக்கம் நிரம்பி வலப்பக்கம் காலியாக இருந்தால், மனிதர் நிறையத் தேடியிருக்கிறார், இன்னும் யோசிக்கவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்களை நான் மதிப்பேன். அவர்கள் தேடி வைத்ததிலிருந்து உனக்கு ஓர் ஆய்வே கிடைக்கக்கூடும்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு ஆற்று ஆற்றிக் கொடுத்துவிட்டு, கல்லுக்குள்ளேயே போவோம் என்றேன். இசை படிக்கிறவளுக்கு அரசன் யார் என்பதைவிடச் சுரம் என்ன என்பதுதான் முக்கியம்.

அந்தக் கல்வெட்டு ஏழு பகுதிகளாக இருக்கிறது. மத்யமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம் என்று ஏழு கிராம ராகங்கள். இதே ஏழையும் ‘நாரதீய சிட்சை’ சொல்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் சுரங்கள் நாலு நாலாகக் கொத்துக் கட்டி வருகின்றன. ஒரு வரிக்கு 16 கொத்து, ஆக 64 சுரம். சாகித்தியம் கிடையாது. தாளத்தின் பெயரும் கிடையாது. இதில் புதிர் என்னவென்றால், ச என்ற ஒரே சுரம் ச, சி, சு, செ என்று நாலு உருவத்தில் வருகிறது. ரிஷபமும் அப்படியே ர, ரி, ரு, ரெ. மற்ற சுரங்களும் இப்படித்தான். அந்தர காந்தாரத்துக்கும் காகலி நிஷாதத்துக்கும் தனி எழுத்துகள், அவற்றுக்கும் நாலு உயிர். சில சுரங்களுக்கு மேலே புள்ளி வேறு.

இந்த உயிரெழுத்து மாற்றம் எதைக் குறிக்கிறது? சுருதி வேறுபாடு என்று ஒரு கருத்து. வீணையில் மீட்டும் முறையைக் குறிக்கிறது என்று இன்னொரு கருத்து. இரா. சத்தியநாராயணா 1957-ல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். ரிச்சர்ட் விட்டெஸ் 1979-ல் நீண்ட கட்டுரை எழுதினார். கருத்தரங்கில் ஒருவர் மேடையேறி, ‘இது நுண்சுருதிக் குறியீடு, நம் முன்னோர் அன்றே கண்டார்கள்’ என்று சொன்னால் கைதட்டல் பலமாக விழும். நீ கைதட்டலாம், தப்பில்லை. தட்டிக்கொண்டே மனக்கணக்குப் போடு.

பழைய சாத்திரப்படி ஷட்ஜகிராமத்தில் ஷட்ஜத்துக்கு 4 சுருதி, ரிஷபத்துக்கு 3, காந்தாரத்துக்கு 2, மத்யமத்துக்கு 4, பஞ்சமத்துக்கு 4, தைவதத்துக்கு 3, நிஷாதத்துக்கு 2. கூட்டினால் 22. உயிரெழுத்து சுருதியைக் குறிப்பதானால் காந்தாரத்துக்கு இரண்டே வடிவம் போதும், ரிஷபத்துக்கு மூன்று. கல்லில் எல்லாச் சுரத்துக்கும் நாலு இருக்கிறது. ஏழு நாலு இருபத்தெட்டு. அந்தரத்தையும் காகலியையும் சேர்த்தால் 36. இது 22-க்குள் எப்படி அடங்கும்?

“இதைக் கேள்வியா கேட்டிருக்கலாமே!” என்றாள் தம்பி மகள். ஆமாம், கேட்டிருக்கலாம். இதற்கு வடமொழி தெரிய வேண்டாம், கிரந்தம் தெரிய வேண்டாம். முதலாமாண்டு இசைக் கோட்பாட்டில் நீ மனப்பாடம் பண்ணிய எண்கள்தான். பேச்சாளரிடம் பதில் இருக்கலாம். ‘அந்தப் பிரிவினை இந்தக் கல்லுக்குப் பொருந்தாது, காரணம் இது’ என்று அவர் சொன்னால் உனக்குப் புதுக் கதவு திறக்கிறது. பதில் இல்லாவிட்டால் அவரே வீட்டுக்குப் போய் யோசிப்பார். இரண்டிலும் நஷ்டமில்லை.

கேள்வி கேட்கிற விதம் என்று ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் எழுந்ததும், ‘அம்மா, உங்கள் கட்டுரை மிக அருமையாக இருந்தது, எனக்கு ஒரு சின்ன சந்தேகம், தவறாக இருந்தால் மன்னிக்கவும்’ என்று ஆரம்பித்து, கேள்விக்கு வருவதற்குள் மைக் வேறு ஆளிடம் போய்விடும். மரியாதை குரலில் இருந்தால் போதும். ‘ஐயா, கல்லில் எல்லாச் சுரத்துக்கும் நாலு வடிவம் இருக்கிறது, 22 சுருதிக் கணக்கில் காந்தாரத்துக்கு 2தான். இதை எப்படிப் பொருத்துகிறீர்கள்?’ அவ்வளவுதான், உட்கார்ந்துவிடலாம். சபையில் கூச்சமாக இருந்தால் டீ இடைவேளையில் கேள். உண்மையில் பல அறிஞர்கள் மேடையில் சொல்லாததை டீ கிளாஸும் கையுமாக நிற்கும்போதுதான் சொல்வார்கள்: எந்த ஏடு கிடைக்கவில்லை, எந்தப் பதிப்பில் பிழை இருக்கிறது, எதை எழுதப் பயந்து விட்டுவிட்டார்கள் என்பதெல்லாம். அந்த நேரத்தில் நீங்கள் வரிசையாக நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தால் யார் என்ன செய்ய முடியும்?

அடுத்து ஒரு கண்ணி. கல்வெட்டில் சாதாரிதம், பஞ்சமம், கைசிகம் என்று ராகப் பெயர்கள் வந்தன அல்லவா? தேவாரப் பண்களைப் பார்: சாதாரி, பஞ்சமம், கௌசிகம். ஓதுவார் மரபில் இன்று சாதாரியைப் பந்துவராளியிலும் பஞ்சமத்தை ஆகிரியிலும் கௌசிகத்தைப் பைரவியிலும் பாடுகிறார்கள். உடனே கை பரபரக்கும்: ‘குடுமியான்மலைக் கைசிகமே இன்றைய பைரவி’ என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதிவிடலாம் போலிருக்கும். அப்படி எழுதப்பட்ட கட்டுரைகளை நானே படித்திருக்கிறேன். கல்லிலிருந்து தேவாரத்துக்கு ஒரு தாவல், தேவாரப் பண்ணிலிருந்து இன்றைய ஓதுவார் பாடும் ராகத்துக்கு இன்னொரு தாவல். இடையில் ஆயிரத்து முந்நூறு ஆண்டு. பெயர் ஒன்றாக இருப்பது ஆராய்ச்சியைத் தொடங்கக் காரணம் ஆகும். ஆராய்ச்சியின் முடிவாக ஆகாது. கல்லில் உள்ள கொத்துகளை எடுத்து, எந்தச் சுரம் அடிக்கடி வருகிறது, எதில் வந்து நிற்கிறது, எது எதோடு சேர்ந்து வருகிறது என்று எண்ணிப் பார்த்தபிறகு பேசலாம். நீ பாடகி, பாடியும் பார்க்கலாம். முதலாமாண்டு மாணவியும் ஒரு மாதத்தில் செய்யக்கூடிய வேலை இது.

பண் எது, ராகம் எது என்ற இந்த வழக்கு நீதிமன்றத்துக்குத்தான் போகவில்லை. மற்றபடி எல்லாச் சபைக்கும் போயிருக்கிறது. தமிழ் இசைச் சங்கம் 1943-ல் தொடங்கியது. சில ஆண்டுகளில் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களையும் டிசம்பரில் நடத்த ஆரம்பித்தது. அங்கே புலவர் ஒரு பக்கம், ஓதுவார் ஒரு பக்கம், சங்கீத வித்துவான் ஒரு பக்கம். ஒருவர் நூலைக் காட்டுவார், இன்னொருவர் பாடிக்காட்டுவார், மூன்றாமவர் இது எங்கள் குரு பாட்டில் இப்படி இல்லை என்பார். சென்னை மியூசிக் அகாடமியிலும் அதே கதைதான். 1927-ல் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928-ல் அகாடமி தோன்றியது, 1930-ல் அதன் இதழ் வந்தது. சாயங்காலக் கச்சேரிக்கு டிக்கெட் கிடைக்காமல் அலைகிற ஊரில், காலையில் நடக்கும் அந்த விளக்க உரைகளுக்கு இடம் இருந்துகொண்டே இருக்கும். நாங்கள் படித்த காலத்தில் அந்த இதழைக் காண நூலகம் நூலகமாக அலைய வேண்டும். இப்போது பழைய இதழ்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. அவற்றில் கட்டுரைகளைவிட, ராக இலட்சணம் பற்றி வித்துவான்கள் விவாதித்த குறிப்புகளைப் படியுங்கள். ஒரு ராகத்தில் ஒரு பிரயோகம் வருமா வராதா என்பதற்கு அவர்கள் எதைச் சான்றாகக் காட்டினார்கள் என்று பாருங்கள்: இந்தக் கீர்த்தனை, இந்தப் பாடாந்தரம், இந்த வர்ணம். சான்று காட்டும் பழக்கம் அங்கே நன்றாகத் தெரியும்.

இதற்கெல்லாம் முன்னாலேயே தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் தொடங்கிவிட்டார். சித்த மருந்து விற்ற பணத்தில் மாநாடு நடத்திய மனிதர். 1912-ல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, சொந்தச் செலவில் வித்துவான்களை வரவழைத்து, கேள்விகளை முன்கூட்டியே வைத்து விவாதிக்க விட்டார். 22 சுருதி என்பது பொருந்தாது, 24தான் என்பது அவர் கட்சி. 1916-ல் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு கூடியபோது அங்கேயும் போனார். வாயால் வாதிட்டதோடு நிற்கவில்லை. தம் மகள்களை வீணையோடு சபையில் உட்காரவைத்துச் சுருதிகளை வாசித்துக் காட்டச் சொன்னார். 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ வந்தது. அவர் கணக்கை ஒப்புக்கொள்ளாதவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் சபையின் முன்னால் சோதனைக்கு உட்படும்படி தம் கருத்தை வைத்தார். இன்றைக்கு நம் இசைக் கருத்தரங்குகளில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு சுரம் காதில் விழாமல் எழுந்து வரலாம் என்ற நிலை இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வரும். குத்துவிளக்கு, பொன்னாடை, வாழ்த்துரை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து பதினொன்றரைக்கு முதல் அமர்வு. ‘நேரமின்மை காரணமாக’ ஆளுக்கு ஏழு நிமிடம். தாளைப் பார்த்துக் குனிந்து படித்துவிட்டுப் போகிறார்கள். இதில் மாணவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

“நான் என்ன செய்றது பெரியப்பா? எல்லாம் பாட்டுக்காரங்க கதையாவே சொல்றீங்க” என்று பரதக்காரி குறைப்பட்டாள். நியாயம்தான். அவளுக்கான கல் இன்னும் பக்கத்தில் இருக்கிறது.

சித்தன்னவாசல் குடைவரையின் முகப்புத் தூண்களில் இரண்டு ஆடல் மகளிர் ஓவியங்கள் இருக்கின்றன. பாதி அழிந்தவை, இருந்தாலும் இடுப்பின் ஒடிவும் கையின் வீச்சும் தெரியும். நாட்டியக் கருத்தரங்குகளில் இவற்றைத் திரையில் போட்டு, ‘மகேந்திர பல்லவன் காலப் பரதம்’ என்று பேசுவதை இன்றும் கேட்கலாம். 1920 வாக்கில் ழூவோ துப்ரேல் அந்த ஓவியங்களைப் பற்றி எழுதியபோது அப்படித்தான் கருதினார். அன்றைக்கு அது நல்ல ஊகம். பிறகு அங்கேயே ஒரு கல்வெட்டைப் படித்தார்கள். அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் என்ற பாண்டியன் காலத்தில், இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் அந்தக் கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எழுப்பினார் என்று அது சொல்கிறது. அந்த ஸ்ரீவல்லபன் ஒன்பதாம் நூற்றாண்டுக்காரன். ஆக, ஒரு கல்வெட்டு வாசிப்பில் அந்த ஆடல் மகளிர் இருநூறு ஆண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள், பல்லவர் கையிலிருந்து பாண்டியர் கைக்கும் மாறிவிட்டார்கள். பழைய நூலை மட்டும் படித்தவர் பழைய தேதியையே சொல்லிக்கொண்டிருப்பார். அதனால் நாட்டிய மாணவி கல்வெட்டு அமர்வில் போய் உட்கார வேண்டும். நமக்குச் சம்பந்தமில்லாத அமர்வு என்று கேண்டீனுக்குப் போய்விடுகிற அந்த நேரத்தில்தான் நம் பாடத்தின் தேதியே மாறுகிறது.

தேதி ஒரு பக்கம். அவளுக்கு மட்டுமே முடிகிற ஒன்று இன்னொரு பக்கம் இருக்கிறது. ஓவியத்தில் ஒருத்தி ஒரு கையை யானைத் துதிக்கை போல உடலுக்குக் குறுக்கே நீட்டியிருக்கிறாள். கஜஹஸ்தம் என்று எல்லோரும் எழுதுவார்கள். எழுதுகிறவர்களில் எத்தனை பேர் அப்படி நின்று பார்த்திருப்பார்கள்? நீ நின்று பார். இடுப்பை அந்தப் பக்கம் ஒடித்து, கையைக் குறுக்கே வீசினால் எடை எந்தக் காலில் விழுகிறது? அந்த நிலையிலிருந்து அடுத்த அடி எங்கே வைக்க முடியும், எங்கே வைக்க முடியாது? ஓவியம் ஒரு நொடியைத்தான் வைத்திருக்கிறது. அதற்கு முந்தைய நொடியும் பிந்தைய நொடியும் உன் உடம்பில்தான் தேட வேண்டும். தேடிக் கிடைப்பதையும் ‘அன்று இப்படி ஆடினார்கள்’ என்று சொல்லிவிடாதே. ‘இந்த நிலைக்கு இந்த வழிகளில் வர முடிகிறது’ என்று சொல். ஆய்வில் அது மிகப் பெரிய வித்தியாசம்.

இலுப்பூர் வழியாகப் பஸ் ஏறினால் விராலிமலை. அங்கே முருகன் கோயில் சதிர் மரபில் வந்தவர் முத்துக்கண்ணம்மாள். 2022-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1947-ல் தேவதாசி முறை சட்டத்தால் ஒழிந்தது. அதன்பின் பரதம் மேடைக்கும் கல்லூரிக்கும் போய்ப் பெரிதாயிற்று; கோயிலில் ஆடியவர்களின் நினைவில் இருந்த ஆட்டம் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. அப்படிப்பட்ட மூத்த கலைஞர் ஒருவர் கருத்தரங்குக்கு வந்தால் எப்படிக் கேட்பது? நிறையப் பேர், ‘இது அடவு எண் எத்தனை’ என்று பாடத்திட்டத்தின் பெட்டிக்குள் அவரை அடைக்கப் பார்ப்பார்கள். அவர் எந்தச் சொல்லைச் சொல்கிறாரோ அதையே எழுது. எந்த விழாவில், கோயிலின் எந்த இடத்தில், யார் பாட ஆடியது என்று கேள். யாரிடம் கற்றது என்று கேள். கல்லுக்குப் படி எடுப்பதைப் போலத்தான் நினைவுக்கும் படி எடுக்க வேண்டும். நம் கையெழுத்து அதில் விழக்கூடாது. ஒலிப்பதிவு செய்வதற்கு முன்னால் அனுமதி கேட்க மறக்காதே. பெரியவர்கள் மறுக்க மாட்டார்கள் என்பதற்காகக் கேட்காமல் இருக்கக்கூடாது.

இருட்டத் தொடங்கியிருந்தது. தூக்குவாளியில் மிச்சமிருந்ததைப் பங்கிட்டோம். தம்பி மகளுக்குச் சொந்தக் கவலை ஒன்று இருந்தது: அடுத்த பருவத்தில் அவளே ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும். தலைப்புக் கொடுத்திருந்தாள்: ‘தமிழிசையின் தோற்றமும் வளர்ச்சியும்’.

“இதை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள உனக்குப் பேத்தி பொறந்துரும்” என்றேன். சிரித்தாள். ஏழு நிமிடத்துக்கு ஏழு நிமிடத் தலைப்புதான் வேண்டும். குடுமியான்மலைக் கல்லில் ஏழு பகுதிகள் இருக்கின்றன, ஒன்றை எடுத்துக்கொள். பஞ்சமம் என்று வைத்துக்கொள்வோம். பண்டார்கர் அச்சிட்ட சுரங்களைப் படியெடு. எந்தச் சுரம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணு. வரிகள் எந்தச் சுரத்தில் முடிகின்றன என்று பார். ஒரு வரியை மெதுவாகப் பாடு, உயிரெழுத்து மாறும் இடங்களில் உன் குரலுக்கு என்ன தோன்றுகிறது என்று குறித்துக்கொள். அது சான்றாகாது, ஆனால் அடுத்த கேள்வியைக் கொடுக்கும். கல்வெட்டை ஒட்டித் தமிழில் ஒரு குறிப்பும் இருக்கிறது, எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியவை என்ற பொருளில். நரம்பு எண்ணிக்கையைச் சொல்கிறதா, வேறெதையாவதா என்று பல கருத்து. பரிவாதினி என்பது ஏழு நரம்பு வீணை. அந்தப் பெயர் திருமயத்திலும் மலையக்கோவிலிலும் பாறையில் இருக்கிறது. இதையெல்லாம் ஏழு நிமிடத்தில் திணிக்காதே. அடுத்த கட்டுரைக்கு வைத்துக்கொள்.

“தலைப்பு ரொம்பச் சின்னதா இருக்கே, எங்க மேடம் ஒத்துக்குவாங்களா?”

ஒத்துக்கொள்ளாவிட்டால், கல்லையே சாட்சிக்கு அழை. முடிவுரையில் அந்த அரசன் மாணவர்களுக்காகச் செய்ததாகத்தான் சொல்லியிருக்கிறான். ஊர்ப் பெரியவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் என்று எழுதவில்லை.

நாளைக் காலையில் போகலாம் என்றாள் பரதக்காரி. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டால் பாறையில் எழுத்தின் நிழல் விழாது, ஒன்றும் தெரியாது; பக்கவாட்டில் வெளிச்சம் படும்போது போக வேண்டும். பண்டார்கர் பக்கங்களின் நகலைக் கையில் வைத்திருங்கள். எழுத்தின்மேல் விரல் வைக்காதீர்கள், சுண்ணக்கட்டி தேய்க்காதீர்கள். கம்பிக் கதவு பூட்டியிருந்தால் காவலரிடம் சொல்லித் திறக்கச் சொல்லுங்கள். முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கடையில் கேட்டு வரச் சொன்னேன். தூக்குவாளியையும் கையோடு கழுவிக் கொடுத்துவிடு, அது அவர்களுடையது.